கன்னியாகுமரியை உடைத்துக் காயப்போட்டார்கள்

கன்னியாகுமரியை உடைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். காலையில் களத்துக்குப் போய்ப் பார்த்தபோது அது இரண்டு மூடியாக வெயிலைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் திருநெல்வேலிக்கும் அதே கதி. மதுரை மட்டும் எப்படியோ உருண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தப்பித்திருந்தது.

படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். இவையெல்லாம் தேங்காய்கள். நெகமம் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு கொப்பரைக் களம் இருக்கிறது. தேங்காயை வாங்கி, உடைத்து, சிமெண்ட் தரையில் காயவைத்து, பருப்பைப் பெயர்த்து விற்கிற தொழில். நானும் என் மனைவியும் போவதாக இருந்த நீண்ட பயணத்துக்கு அந்தத் தரையின் ஓரத்தில்தான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். ராத்திரி தங்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேங்காய். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். போனில் இருக்கிற மேப்பில் விரலை வைத்தால் ஊர் பெரிதாகிறது, விரலை எடுத்தால் நாம் வேறு மாநிலத்தில் நிற்கிறோம். தரை அப்படியெல்லாம் செய்யாது. வைத்த ஊர் வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்பினேன். களத்தில் வேலை செய்கிற பெண்களிடம் இதைச் சொல்லி வைக்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். களத்தில் கிடக்கிற காயை உடைப்பது அவர்கள் வேலை. அவர்கள் வேலையைச் செய்தார்கள்.

இதெல்லாம் ஆரம்பித்தது எங்கள் மகளால். அவள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்குப் புடவை, வேட்டி என்று எடுக்காமல், ஒரு வாரத்துக்குக் கேரவன் வண்டி வாடகைக்கு எடுத்துத் தருகிறேன் என்றாள். உள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்குமாம். முன்பு நானே தேங்காய் லோடு வண்டி ஓட்டியவன் என்பதால் டிரைவர் வேண்டாம், நீங்களே ஓட்டிக்கொண்டு அம்மாவுக்குக் கடலைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றாள்.

எங்கள் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வண்டி. பொள்ளாச்சியைச் சுற்றி ஏதாவது ஒரு தோப்பில் படப்பிடிப்பு நடக்கும்போது வெள்ளை வெள்ளையாக நிற்கும். உள்ளே நடிகை இருப்பார் என்று ஊரே வெளியே நிற்கும். அந்த வண்டியில் நான் ஏறுவதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. எனக்குக் கூச்சம் கொஞ்சம் அதிகம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் காலையில் பாத்ரூம் எங்கே என்று கேட்க மாட்டேன். வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறேன். கழிப்பறையோடு கூடிய வண்டி என்றதும் கடவுளே எனக்காக யோசித்துச் செய்ததுபோலத் தோன்றியது.

ஆனால் நான் சரி என்று தலையாட்டியது அதற்காக மட்டும் அல்ல. மகள் அனுப்பிய போட்டோவில் கட்டிலுக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் ஒரு சின்ன அடுப்பு இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சூடான காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து எல்லோருக்கும் அவள்தான் போடுவாள். களத்து ஆட்களுக்கு, காய் கொண்டுவருகிற டெம்போ டிரைவருக்கு, விலை கேட்க வருகிறவர்களுக்கு, சும்மா வருகிறவர்களுக்கு. கடைசியில் அவளுடையது துணி துவைக்கிற கல் மேல் ஆடை கட்டி நிற்கும். அதை நின்றபடியே மருந்து மாதிரி ஒரே மடக்கில் குடிப்பாள். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் சமையலறைக்குள் போய்க் காப்பி போட முயன்றேன். எங்கள் சமையலறையின் பின்கதவு நேராகக் களத்தைப் பார்த்து இருக்கிறது. நான் சர்க்கரை டப்பா தேடுவதை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அதன்பிறகு பொங்கல் வரைக்கும் தினமும் காலையில் யாராவது ஒருத்தி, முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இன்னைக்கு யாரு காப்பிங்க?" என்று கேட்பாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆக, எனக்குக் கடல்கூட அவ்வளவு முக்கியமில்லை. யாரும் இல்லாத ஓர் இடத்தில், ஒரு காலையில், நான் காப்பி போட்டு, அவள் படுக்கையில் உட்கார்ந்தபடியே சூடாகக் குடிக்க வேண்டும். ஒரே ஒரு காலை போதும். இதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லவே முடியாது. காப்பிப் பொடி ஒரு பாக்கெட் வாங்கி என் வேட்டிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். வேட்டியெல்லாம் வாசம் அடித்ததில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பீரோவுக்குள் எலி செத்திருக்குமோ என்று துணியையெல்லாம் எடுத்து உதறிப் பார்த்தாள். நல்லவேளை, நான் அதற்குள் பாக்கெட்டை டிராக்டர் டூல்ஸ் பெட்டிக்கு மாற்றியிருந்தேன்.

திட்டம் சுலபமாகத்தான் இருந்தது. முதல் ராத்திரி திண்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்தது மதுரை தாண்டி, அதற்கடுத்தது திருநெல்வேலி, பிறகு கன்னியாகுமரி. அங்கே இரண்டு நாள். எல்லா இடத்திலும் தண்ணீர் கிடைக்குமா, வண்டியை நிறுத்த விடுவார்களா என்று மகள் விசாரித்துச் சொன்னாள். நான் ஒவ்வொரு தேங்காயாக வைத்தேன்.

என் மனைவியின் திட்டம் வேறு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பெரிய கவலை இட்லி. வண்டியின் உள்ளளவை மகளிடம் கேட்டு, புடவைத் தலைப்பால் அளந்து அளந்து பார்த்து, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நம் கிரைண்டர் உட்காரும் என்று கண்டுபிடித்தாள். கோயமுத்தூரில் பிறந்தவர்களிடம் கிரைண்டரை விட்டுவிட்டு வா என்று சொல்ல முடியாது. பிள்ளையை விட்டுவிட்டு வா என்று சொன்ன மாதிரி பார்ப்பார்கள். கடற்கரையில் அவள் விடியற்காலையில் எழுந்து மாவாட்டுவதை மனதில் பார்த்தேன். என் காப்பி அங்கேயே கொஞ்சம் ஆறியது.

அடுத்து அவள், "ஒரு வாரம் ஊட்டைப் பூட்டிப்போட்டுப் போறோம். சொந்தபந்தத்துக்குச் சொல்லாம எப்படிங்க போறது?" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஊர் வழியாகப் போனால் அங்கே இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் தலையைக் காட்டாமல் போகக் கூடாது. தலையைக் காட்டினால் சாப்பிடாமல் வரக் கூடாது. பொழுது சாய்ந்துவிட்டால் தங்காமல் வரக் கூடாது. மீறினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வந்தால்கூடத் தேவலை. அடுத்த கல்யாணத்தில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேருக்கு நடுவில், ரொம்ப மரியாதையாக, "ஏனுங்க, எங்க ஊரு உங்களுக்கு வழியில தட்டுப்படலீங்களா?" என்று கேட்பார்கள். என்னைப் போன்றவனுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்காது.

போனில் சொல்லிவிடலாம் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். போனில் சொன்னால் அது சொன்னதில் சேராது. நேரில் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. ஆகவே ஊருக்குப் போகிறோம் என்று சொல்வதற்காக ஊர் ஊராகப் போக ஆரம்பித்தோம்.

முதலில் கிணத்துக்கடவில் இருக்கிற மச்சான், என் மனைவியின் அண்ணன். நாங்கள் போய்ச் சொன்னது போதாமல், திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று மறுநாளே எங்கள் களத்துக்கு வந்துவிட்டார். தேங்காய்களைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு வண்டியில் என்னென்ன இருக்கும் என்று கேட்டார். மனைவி சொன்னாள்.

"ஏனுங் மாப்ள, கக்கூசைக் கையோட எடுத்துட்டுப் போறதுக்கு ஊட்லயே இருந்துக்கலாமல்லங்க?"

நான் சிரித்து வைத்தேன். அவர் குனிந்து முதல் தேங்காயைத் தொட்டு இது எந்த ஊர் என்றார். திண்டுக்கல், பெட்ரோல் பங்க் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பெட்ரோல் பங்க்குல படுக்க வெக்கறதுக்கா என்ற தங்கச்சியை உங்களுக்குக் கட்டிக் குடுத்தோம்?"

அவரே அந்தத் தேங்காயை எடுத்துக்கொண்டு போய், களத்தின் வடமேற்கு மூலையில் வைத்தார். அது கிணத்துக்கடவு. கன்னியாகுமரி போகிற நாங்கள் முதல் நாள் கன்னியாகுமரிக்கு நேர் எதிர்த்திசையில் போய்த் தங்குவதாக முடிவாயிற்று. போகிறபோது, அந்த வாரம் பல்லடம் பக்கத்தில் ஏதோ கல்யாணத்துக்கு வேறு போக வேண்டும், இருந்தாலும் உங்களுக்காக வீட்டில் இருப்பேன் என்றார். திண்டுக்கல் போன துக்கத்தில் நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்தது தாராபுரத்தில் இருக்கிற என் அத்தை, அப்பாவின் தங்கை. அத்தைக்கு எல்லாவற்றுக்கும் நிதானமான ஒரு வழி இருக்கும். வண்டியிலேயே படுத்துக்கொள்வோம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். "வண்டியை எங்க வேணா நிறுத்திக்க, கண்ணு. வண்டிக்கா முதுகு வலிக்கும்? உங்க ரெண்டு பேத்துக்கும் உள்ளார கட்டில் போட்டு வெச்சுடறேன்" என்றார். ஒரு ராத்திரி அல்ல, இரண்டு ராத்திரி. முதல் நாள் வந்த அலுப்பிலேயே போய்விடுமாம், இரண்டாம் நாள்தான் விருந்து ஒழுங்காக நடக்குமாம்.

மூன்றாவது கருமத்தம்பட்டி. அங்கே என் மனைவியின் தங்கை வீட்டில் தறி ஓடுகிறது. தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆகவே எங்கள் பயணத்தை என் மனைவி கத்திச் சொன்னாள், தங்கை கத்திப் பதில் சொன்னாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தெக்க போறவங்க வடக்க ஒரு எட்டு வந்துட்டுப் போனா டீசலு தீந்தா போயிருமுங் மாமா?" என்று கேட்டது என்னை என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் வீட்டில் தங்குகிறார்கள், தாராபுரத்தில் இரண்டு நாள் தங்குகிறார்கள், நான் மட்டும் இளக்காரமா என்று தொடர்ந்தாள். இளக்காரம் இல்லை என்று காட்ட அவளுக்கும் இரண்டு ராத்திரி கொடுத்தோம்.

அன்று மாலை களத்தில் நின்று பார்த்தேன். தேங்காய்கள் எங்கள் வீட்டைச் சுற்றி வட்டமாக நின்றன. வட்டத்துக்கு வெளியே, தூரத்தில், மதுரையும் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் யாருக்கும் உறவில்லாத ஊர்களாகத் தனியாகக் கிடந்தன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ராத்திரி. ஒரு ராத்திரியில் அந்தப் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கன்னியாகுமரித் தேங்காயை எடுக்க மனசு வரவில்லை. மறுநாள் காலையில்தான் அது உடைந்து கிடந்தது. மனைவி வந்து பார்த்துவிட்டு, கடல் எங்கேயும் போய்விடாது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு அந்த மூடியைக் கையில் எடுத்து, பருப்பு நல்ல கனம் என்றாள்.

வண்டி வந்தது. களத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு உள்ளே ஏறி இறங்கினார்கள். கிரைண்டர் ஏறியது. காப்பிப் பொடியை நான் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

கிணத்துக்கடவில் மச்சான் எங்களை வீட்டுக்குள் கட்டிலில் படுக்கவைத்தார். வண்டி தனியாக நிற்கக் கூடாது என்று அவர் வண்டியில் படுத்துக்கொண்டார். காலையில் ஏசி குளிருக்குக் காதுவரை போர்த்திய துண்டோடு இறங்கி, பரவாயில்லை, தூக்கம் வருகிறது என்று சான்றிதழ் கொடுத்தார். தாராபுரத்தில் நாங்கள் எழுவதற்கு முன்பே அத்தை வீட்டு அடுப்பு எரிந்தது. என் மனைவி உதவிக்குப் போனவள், அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்கெல்லாம் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கருமத்தம்பட்டியில் எங்கள் கிரைண்டரை இறக்கி, தறி ஆட்களுக்கும் சேர்த்து மாவாட்டினார்கள். வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எந்தப் படம், யார் நடிக்கிறார் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் நெளிந்ததில், படத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாதுபோல என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு காலையும் நான் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அவள் காப்பி ஏதாவது ஒரு திண்டில், ஆடை கட்டி, அவளுக்காகக் காத்திருந்தது.

கடைசி ராத்திரியை எப்படி விடுவது? கருமத்தம்பட்டியிலிருந்து கிளம்பும்போது, அந்த ராத்திரிக்கும் தாராபுரம் வரச்சொல்லி அத்தையிடமிருந்து போன் வந்தது. கொழுந்தியாள் இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். நான் கொழுந்தியாளிடம் தாராபுரம் பக்கம் போகிறோம் என்றேன். வண்டியின் மூக்கும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அத்தையிடம் போனில் இன்றைக்கும் கருமத்தம்பட்டிதான் என்றேன். போனில் சொன்னால் அது சொன்னதில் சேராது என்பது அவர்கள் வைத்த சட்டம். சொன்னதிலேயே சேராதது பொய்யில் எப்படிச் சேரும்? என் மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பல்லடம் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். பெரிய மைதானம், நிறைய கார்கள், விளக்கு வெளிச்சம், ஓரத்தில் தண்ணீர்க் குழாய். எங்களை யாருக்கும் தெரியாது. கார்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தினேன். பெண் வீட்டுக்காரர்கள் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீடு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அவள் எழுந்துகொள்வதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று நான் சரியாகத் தூங்கவில்லை. எழுந்ததும் மேல் அலமாரியில் தலையை இடித்துக்கொண்டேன். பில்டரில் பொடியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிகாஷன் இறங்குவேனா என்றது. விரலால் தட்டித் தட்டிக் கெஞ்சினேன். வழியில் வாங்கிய பாக்கெட் பால் பொங்கி அடுப்பில் பாதி போய்விட்டது. மீதியில் இரண்டு டம்ளர் தேறியது. அதற்குள் அவள் கண் விழித்துவிட்டாள். பழக்கத்தில் சட்டென்று காலைக் கீழே வைத்துக் கொண்டையை முடிய ஆரம்பித்தாள்.

"படு, அம்மணி" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், வழிந்து கிடந்த பாலைப் பார்த்தாள். பிறகு காலை மேலே எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். சூடு பொறுக்காமல் புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

"எத்தனை தடவைங்க சர்க்கரை போட்டீங்க?"

பதற்றத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. அவள் இன்னொரு வாய் குடித்தாள். அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஏனுங் மாப்ள? மாப்ளைங்களா?"

மச்சான் குரல். பல்லடம் பக்கத்தில் ஏதோ கல்யாணம் என்று அவர் சொன்னது அப்போதுதான் முழுசாக என் காதில் விழுந்தது. முகூர்த்தத்துக்கு வந்தவர், தான் படுத்துத் தூங்கிய வண்டியை அடையாளம் கண்டுவிட்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் நிற்கிற சத்தம் கேட்டது. கருமத்தம்பட்டியா, தாராபுரமா, இங்கே எப்படி வந்தீர்கள் என்று ரொம்ப மரியாதையாக விசாரித்தார். மைதானமே கேட்டிருக்கும். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. நான் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன்.

என் மனைவி அசையவில்லை. யாராவது வாசலில் குரல் கொடுத்து அவள் எழுந்திருக்காமல் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"செத்த இருங்கண்ணா. காப்பி குடிச்சுட்டு இருக்கறேன்."

"ஆரு போட்டது?" என்றார் மச்சான்.

"அவருதானுங்க."

யாரோ செருமினார்கள். பிறகு மச்சான் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு வாய் இருக்குதுங்களா, மாப்ள?" என்று கேட்டார்.

பாத்திரத்தைப் பார்த்தேன். காலி. என் டம்ளர் அடுப்புப் பக்கத்தில் நிறைய இருந்தது. வாசலுக்கு வந்த விருந்தாளிக்கு இல்லை என்று சொன்ன வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவள் டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு பேத்துக்குத்தான் போட்டேனுங்க, மச்சான்" என்றேன்.